சைவக் கோழி

எங்கள் வீட்டில் கோழி வளர்ப்பது என்று நான் முடிவெடுத்தபோது என்னைப் பெற்றவர்கள் உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அன்றே போயிருப்பார்கள்.

நாங்கள் சைவம். சைவம் என்றால் வெள்ளி செவ்வாய்க்கு மட்டும் சைவம் இல்லை. பக்கத்து வீட்டு லில்லி டீச்சர் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்களுக்கென்று தனியாக முட்டை போடாமல் கேக் செய்து தருவார். அதையும் நான் மறுபடி ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் வாயில் வைப்பேன். மீன் மார்க்கெட் இருக்கும் தெரு எதிர்ப்பட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு தெருவைச் சுற்றிப் போவேன். அப்படிப் போவதில் எனக்குச் சிரமம் ஒன்றும் தெரிந்ததில்லை. கொஞ்சம் பெருமைதான்.

சித்திரை மாதம் என் மனைவி ராஜராஜேஸ்வரிக்குக் குடலில் ஆபரேஷன் ஆயிற்று. முதல் ஆபரேஷன் அது. ஆறேழு மாதம் கழித்து இன்னொன்று செய்தால்தான் குடலைச் சேர்த்து வைத்து அவளைப் பழையபடி ஆக்க முடியும் என்றார் டாக்டர். ஆனால் உடம்பில் சத்து ஏறாமல் கத்தியை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவளுக்குப் பருப்பு சேரவில்லை. பால் குடித்தால் வாந்தி. டப்பாவில் வரும் சத்து மாவைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கை வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. முட்டை கொடுங்கள், வேறு வழி இல்லை என்றார் டாக்டர்.

ராஜி படுத்த வாக்கிலேயே சிரித்தாள். "சைவக் கோழி இட்ட முட்டை இருந்தாச் சொல்லுங்க டாக்டர், திங்கேன்" என்றாள்.

டாக்டரும் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் வைத்தே அவளிடம் கேட்டேன், சைவக் கோழி என்றால் என்ன என்று. என் வாயை அடைப்பதற்காக அவள் விளக்கம் சொன்னாள். பிறந்ததிலிருந்து புழு பூச்சி தொட்டிருக்கக் கூடாது. சேவலோடு சேர்ந்திருக்கக் கூடாது. அப்படி ஒரு கோழி இருந்தால் அதன் முட்டையைச் சாப்பிடுவாளாம். சத்தியமா என்று கேட்டேன். சத்தியம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். குதிரைக் கொம்பு கேட்கிற தைரியம் அவளுக்கு.

அவள் யாரிடம் சொன்னாள் என்பதை மறந்துவிட்டாள். நான் பத்திர ஆபீஸில் தலை நரைத்தவன். நிபந்தனை என்று ஒன்றைச் சொல்லிவிட்டால், அதை நிறைவேற்ற வழி இருக்கிறது என்றுதான் எங்கள் ஆபீஸில் பொருள். அதோடு, எனக்குப் பயமாகவும் இருந்தது. அவள் இல்லாத வீட்டில் நான் ஒரு வேளை சோறு வடிக்கவும் லாயக்கில்லாதவன் என்பது இருக்கட்டும். அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருக்கவே தெரியாது. அவள் பிழைக்க வேண்டும். அதற்கு அவள் முட்டை சாப்பிட வேண்டும். அதற்கு எனக்குச் சைவக் கோழி வேண்டும்.

வளர்ந்த கோழி உதவாது. அது ஏற்கெனவே என்னென்ன தின்றிருக்கும் என்று யாருக்குத் தெரியும். குஞ்சிலிருந்தே தொடங்க வேண்டும். அதுவும் தாய்க்கோழி கூட்டிக்கொண்டு போய்ப் புழுவைக் காட்டிக் கொடுப்பதற்குள் பிரித்துவிட வேண்டும். முக்கூடலில் மந்திரமூர்த்தி என்று எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி உண்டு. அவர் வீட்டில் கோழி அடை உட்கார்ந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, பொரித்ததும் போன் செய்யச் சொன்னேன். போன் வந்த அன்றே பஸ் ஏறினேன். தாயில்லாமல் குஞ்சு தேறாது, கோழியையும் சேர்த்துக் கொண்டு போங்கள் அண்ணாச்சி என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். தாய்தான் எனக்கு ஆகாது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஒரு டஜன் குஞ்சுகளை ஓலைப் பெட்டியில் வைத்து, மேலே என் துண்டைப் போட்டு மூடி, மடியில் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குத் திரும்பினேன். பஸ் முழுக்க அவற்றின் சத்தம்தான். நெற்றி நிறைய விபூதியோடு இருக்கும் ஆள் மடியிலிருந்து கோழிக் குஞ்சு கத்தினால் யார்தான் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் ஜன்னல் வழியாக ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

புறவாசலை முன்பே தயார் செய்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிணறும் ஒரு முருங்கை மரமும் உண்டு. மண்ணாக இருந்த இடத்தில் பாதிக்கு மேல் சிமெண்டு பூசினேன். எறும்புப் புற்று கண்ட இடத்திலெல்லாம் வெந்நீர் ஊற்றினேன். கரையானைச் சுரண்டி எடுத்தேன். கோழி சைவமாக இருக்க வேண்டும் என்பதற்காக நான் கொன்ற உயிர்களுக்குக் கணக்கே கிடையாது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அட்டைப் பெட்டியில் உமியைப் பரப்பி, குண்டு பல்பு ஒன்றைத் தாழ்வாகத் தொங்கவிட்டு, குஞ்சுகளை இறக்கினேன். அவை சூட்டுக்குக் கீழே ஒன்றாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தன. அடுத்தது தீவனம். குஞ்சுத் தீவனம் என்று கடையில் விற்பதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கேட்டேன். மீன் தூளும் உண்டு என்றார் கடைக்காரர். மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். நானே செய்தேன். அரிசிக் குறுணை, கம்பு மாவு, முருங்கைக் கீரை, கொஞ்சம் பொட்டுக்கடலை. உச்சி வெயிலில் தயிர்ச் சாதம். காலையில் விளக்கேற்றிச் சாமி கும்பிட்ட பிறகுதான் அவற்றுக்குத் தீனி.

ராஜி வாசல் பக்கத்து அறையில் படுத்திருந்தாள். எழுந்து புறவாசல் வரை வர அவளுக்குத் தெம்பில்லை. கையும் நடுங்கும். சோற்றைக் குழைய வடித்து ரசம் விட்டுப் பிசைந்து நான்தான் ஊட்டுவேன். குஞ்சுகளின் சத்தம் அவள் அறைக்குக் கேட்கும். முதல் நாள் கேட்டபோது, நிசமாவே வாங்கிட்டு வந்துட்டீயளா என்று என்னைப் பார்த்தாள். தயிர்ச் சாதம் போடுவதைச் சொன்னதும், ஆபரேஷனுக்குப் பிறகு முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் சிரிக்கட்டும், முட்டையை அவள் முன்னால் வைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

சில வாரம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அதன் பிறகு குஞ்சுகள் வளர்வதை நிறுத்திக்கொண்டன. இறக்கை தொங்கியது. ஒன்றுக்குக் கால் விளங்காமல் போய் ஒருக்களித்தே கிடந்தது. பொட்டுக்கடலையைக் கூட்டிப் பார்த்தேன். கீரையை மாற்றிப் பார்த்தேன். முதுகிலும் பின்புறத்திலும் இறகு கொட்டிக்கொண்டே வந்தது. ஒரு நாள் காலையில் பெட்டியைத் திறந்தால் உமியெல்லாம் ரத்தம். கால் விளங்காத குஞ்சை மற்றவை கொத்திக் கொன்றிருந்தன. கொன்றதோடு நிற்கவில்லை. கூட்டமாக நின்று தின்றுகொண்டிருந்தன.

நான் கிணற்றடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட வந்த லில்லி டீச்சர் எட்டிப் பார்த்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். சுற்றி வளைத்துப் பேச அவருக்குத் தெரியாது.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. புழு பூச்சி குடுக்க மாட்டேன்னு நீங்க பிடிவாதம் பிடிச்சா, அது ஒண்ண ஒண்ணு திங்கத்தான் செய்யும். அதுக்கு அந்தச் சத்து வேணும்லா. அக்காவுக்கு வேணும்னு டாக்டர் சொல்லுத அதே சத்துதான்."

கருவாட்டுத் தூள் கொடுத்தால் ஒரு வாரத்தில் தெளிந்துவிடும் என்றார். தேவைப்பட்டால் தானே வாங்கித் தருவதாகவும் சொன்னார். நான் உள்ளே வந்துவிட்டேன்.

அன்று பகல் முழுக்க எனக்கும் எனக்கும் வழக்கு நடந்தது. கருவாடு தின்ற கோழி சைவக் கோழி ஆகாது. அது இட்ட முட்டையை ராஜியிடம் நீட்டினால் அது மோசடி. கருவாடு கொடுக்காவிட்டால் கோழியே மிஞ்சாது. சாப்பாட்டு வேளையில் அவளைத் தூக்கி உட்கார வைத்தேன். தலையணையைத் தூக்குவது போல லேசாக வந்தாள். வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. முதலில் கோழி பிழைக்கட்டும், சைவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உவரியிலிருந்து கருவாடு கொண்டு வரும் அம்மாள் ஒருத்தி வாரம் ஒருமுறை லில்லி டீச்சர் வீட்டுக்கு வருவாள். நெத்திலிக் கருவாடு வாங்கி வைத்துவிட்டு டீச்சர் என்னைக் கூப்பிட்டார். உப்பு குஞ்சுக்கு ஆகாது, பலமுறை அலசிக் காயவைத்து, வறுத்து இடிக்க வேண்டும் என்று சொன்னார். சொல்லிவிட்டு உலக்கையை என் கையில் கொடுத்தார். ஒரு பேச்சுக்காவது நானே இடித்துத் தருகிறேன் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். உங்க கோழி, நீங்கதான் இடிக்கணும் என்று போய்விட்டார். அவர் வீட்டுக்காரர் இஸ்ரவேல் வாசற்படியில் நின்று என்னைப் பார்த்து, காந்திமதிநாதன் கருவாடு இடிக்கிறதைப் பார்க்கத்தான் கர்த்தர் எனக்கு இவ்வளவு ஆயுசு கொடுத்தார் வே என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு இடித்தேன். குமட்டிக்கொண்டு வந்தபோது அவர்கள் வேலியோரம் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்து மறுபடி இடித்தேன்.

வீட்டுக்கு வந்து சீயக்காய் போட்டுக் கை கழுவினேன். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். குளித்தேன். விபூதியை அள்ளி உள்ளங்கையில் தேய்த்தேன். வாடை போயிற்று என்று நினைக்கும்போதே நகக்கண்ணிலிருந்து எழுந்து வந்தது. ராஜிக்குச் சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. ரசத்தில் பெருங்காயத்தைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு போனேன். ஒரு வாய் வாங்கியதும் அவள் கொஞ்சம் நிறுத்தினாள். காரமா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தாள்.

குஞ்சுகள் கருவாட்டுத் தூளின் மேல் பாய்ந்த பாய்ச்சலை நான் தயிர்ச் சாதத்துக்குப் பார்த்ததே இல்லை. டீச்சர் சொன்னபடியே ஒரு வாரத்தில் தெளிந்தன. கொத்துவது நின்றது. புது இறகு முளைத்தது. நானும் ஒரு முடிவுக்கு வந்து, பூசிய சிமெண்டில் ஒரு பக்கத்தைக் கடப்பாரையால் உடைத்து மண்ணைத் திறந்துவிட்டேன். முருங்கை மரத்தடியில் அவை கிளறிக் கிளறிப் பூரான் பிடித்தன. முதல் பூரானை ஒரு கறுப்புப் பெட்டை விழுங்கியபோது, என்னை அறியாமல் அதைத் தட்டிக் கொடுத்தேன். வாரா வாரம் கருவாடு அலசினேன், இடித்தேன், குளித்தேன், ராஜிக்கு ஊட்டினேன். குமட்டல் நின்றுவிட்டது. வாடை மட்டும் நிற்கவில்லை.

ஆவணி வாக்கில் இன்னொரு இடி இறங்கியது. விடியற்காலையில் புறவாசலில் சேவல் கூவிற்று. செங்காவி நிறத்தில் கொழுகொழு என்று இருந்ததால் நல்ல முட்டைக்கோழி ஆகும் என்று நான் நம்பியிருந்த ஒன்றுதான் கூவியது. அதுவரை தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு வடிவம்மாள் கோலப்பொடியும் கையுமாக வந்து, உங்க வீட்டிலா சத்தம் என்று துக்கம் விசாரிப்பது போல் கேட்டார். ஆமாம், வளர்க்கிறேன், இன்னும் கூவும் என்றேன். அந்த வயதில் எனக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

சேவலை அன்றே இஸ்ரவேலிடம் கொடுத்தேன், வெட்டக் கூடாது என்ற வாக்குறுதியோடு. அவர் வெட்டவில்லை. ஆனால் சேவலுக்கு மதில் சுவர் ஒரு பொருட்டாக இல்லை. சாயங்காலம் கொண்டு போய் விட்டால் காலையில் எங்கள் முருங்கையடியில் பெட்டைகளுக்கு நடுவில் நின்றது. சுவருக்கு மேல் தட்டி கட்டினேன். தட்டியின் மேல் ஏறி நின்று கூவியது. கடைசியில் நான் கையை விரித்துவிட்டேன். ஆக, ராஜி போட்ட இரண்டு நிபந்தனையில் ஒன்றுகூட என் கையில் இல்லை.

இதற்குள் ராஜி இன்னும் மெலிந்திருந்தாள். தைப் பிறப்புக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் பிறகு செய்வதில் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடம்பு இப்படியே இருந்தால் செய்யவும் முடியாது என்றார். முட்டையைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் பேச்செடுக்கவில்லை. ஆனால் விடிந்ததும் போய் வைக்கோல் கூடையில் கையை விட்டுப் பார்ப்பதை நான் ஒரு நாளும் விட்டதில்லை.

ஐப்பசியில், சஷ்டி விரதம் முடிந்த மறுநாள், மழை விட்டிருந்த காலையில் கறுப்புப் பெட்டை கூடையை விட்டு இறங்கி ஊரைக் கூட்டியது. கையை விட்டேன். சூடாக இருந்தது. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது. வெளியே எடுத்துப் பார்த்தேன். முட்டையை நான் தொட்டது அதுதான் முதல் தடவை.

எவ்வளவு நேரம் அவிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. சுவரருகே போய் டீச்சரிடம் கேட்டேன். சொன்னார். வேறு எதுவும் கேட்காமல் உள்ளே போனார். போகும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். புதுச் சட்டி ஒன்றைக் கிணற்றடியில் கல் கூட்டி வைத்து அவித்தேன். ஓட்டை உரிக்கிறேன் என்று வெள்ளையையும் கொஞ்சம் பிய்த்துவிட்டேன். தட்டில் வைத்து, உப்பும் மிளகுத் தூளும் எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன்.

ராஜி தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் சத்தியம் பண்ணியிருக்கிறாள், ஒன்றும் சொல்லாமல் நீட்டினால் சாப்பிட்டுவிடுவாள். அவள் உயிர் அந்தத் தட்டில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருடா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேதான் வந்தேன். ஆனால் சாகக் கிடந்தபோதும் என்னிடம் பொய் சொல்லாதவளிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. தட்டைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். கோழி சைவமில்லை என்றேன். கருவாடு, பூரான், கரையான் எல்லாம் தின்றது என்றேன். சேவல் சுவர் ஏறி வந்ததையும் சொன்னேன். நீ கேட்ட முட்டை இது இல்லை, ஆனாலும் நீ சாப்பிட வேண்டும், எனக்காகச் சாப்பிடு என்றேன்.

அவள் அவசரப்படவில்லை. என் வலது கையை இழுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"இந்த வாடை எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "மீன் மார்க்கெட்டப் பாத்தா ஊரச் சுத்திப் போற ஆளு கையில கருவாட்டு வாடை. எனக்கு மூக்கு இல்லையா? இந்தக் கையால பெசஞ்ச சோத்தத்தான் இத்தன மாசமா தின்னுக்கிட்டு இருக்கேன். முட்டையில மட்டும் புதுசா என்ன வந்துறப் போகுது?"

நடுங்குகிற விரலால் அவளே முட்டையை இரண்டாகப் பிட்டாள். ஒரு பாதியில் உப்பைத் தொட்டு வாயில் போட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, மெல்ல மென்று விழுங்கினாள். விழுங்கி முடிக்கும்வரை நான் மூச்சு விடவில்லை. வாந்தி வரவில்லை. இன்னொரு பாதியை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

அது முழுவதும் உனக்குத்தான், உடம்புக்கு வேண்டும் என்றேன்.

"நாளையிலருந்து முழுசா நானே திங்கேன். ஆபரேஷன் வரைக்கும் திங்கேன், அதுக்குப் பொறவும் சொன்னாத் திங்கேன். இன்னைக்கு மட்டும் பாதி. இத்தன காலமா எல்லாத்தையும் சேந்துதான் சாப்பிட்டிருக்கோம். தனியா எனக்கு எறங்காது."

புறவாசலில் சேவல் கூவியது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.